உருவப்படத்துப் பெண்கள்: ஆடை சொல்வதும் பூ சொல்லாததும்

ஐரோப்பாவின் பழைய உருவப்படங்களில் பெண்கள் ஏன் அடிக்கடி பூவை ஏந்தியிருக்கிறார்கள், அந்தப் பூவுக்கும் அவர்கள் உடுத்தியிருக்கும் ஆடைக்கும் நிலையான பொருள் உண்டா, அப்படியானால் பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்தின் கையிலுள்ள ரோஜா காதலைத்தான் குறிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடையைப் பற்றிப் பெரும்பாலும் உறுதியாகப் பேச முடியும்; பூவைப் பற்றி அப்படிப் பேச முடிவது அரிது. பரவலாகப் புழங்கும் பட்டியல்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கின்றன. கார்னேஷன் என்றால் நிச்சயதார்த்தம், லில்லி என்றால் கற்பு என்று பூவுக்கு ஒரே வரியில் பொருள் சொல்லிவிட்டு, படத்தின் பாதிப் பரப்பை நிறைத்திருக்கும் பட்டையும் வெல்வெட்டையும் வெறும் அழகு என்று கடந்துவிடுகின்றன.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எளியது. ஆடை விலைகொடுத்து வாங்கப்பட்டது, கணக்கேட்டில் எழுதப்பட்டது, சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது, வாரிசுகளுக்குப் பங்கிடப்பட்டது. ஆகவே அதைப் பற்றி ஆவணங்கள் இருக்கின்றன. பூவுக்கு அத்தகைய ஆவணம் எதுவும் கிடையாது. நம்முடைய புறத்திணை மரபில் வெட்சி சூடினால் ஆநிரை கவரப் போகிறார்கள், கரந்தை சூடினால் அவற்றை மீட்கப் போகிறார்கள் என்று இலக்கணமே வகுத்திருந்தார்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து ஓவியருக்கோ பாரிஸ் நகரத்து ஓவியருக்கோ அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட மலர் இலக்கணம் எதுவும் இருந்ததில்லை. சமயக் கதைகள், குடும்பப் பெயர்கள், ஊர்ப் பழக்கங்கள், படத்துக்குப் பணம் கொடுத்தவரின் விருப்பம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பொருள் திரண்டது.

முதலில் ஆடையை எடுத்துக்கொள்வோம். 15ஆம் நூற்றாண்டுப் பிளாரன்ஸில் பெண்ணின் தந்தை வரதட்சணை கொடுத்தார். மாப்பிள்ளை மணப்பெண்ணுக்கு ஆடையும் நகையும் செய்து போட்டார். 1447ஆம் ஆண்டு அலெஸ்ஸாந்திரா ஸ்ட்ரோட்ஸி என்ற விதவைத் தாய், நேப்பிள்ஸில் இருந்த தன் மகனுக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. தன் மகள் கத்தரீனாவைப் பட்டு வணிகர் மார்கோ பரேந்திக்கு 1000 ஃப்ளோரின் (அந்நகரத்துப் பொன் நாணயம்) வரதட்சணையோடு நிச்சயித்ததையும், மாப்பிள்ளை அவளுக்குக் கருஞ்சிவப்பு வெல்வெட்டில் மேலங்கி தைக்கக் கொடுத்திருப்பதையும் அதில் சொல்கிறார். அவள் வெளியே புறப்படும்போது உடம்பின் மேல் 400 ஃப்ளோரினுக்கு மேல் இருக்கும் என்று பெருமையோடு கணக்கும் போடுகிறார். அதாவது, வரதட்சணையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு நிகரான செல்வம் ஒரு பெண்ணின் மேல் துணியாகவும் முத்தாகவும் ஏறி நிற்கிறது. அந்தச் சிவப்பும் சாதாரணச் சாயம் அன்று. கெர்மஸ் என்னும் சிறு பூச்சியைக் காயவைத்து எடுத்த, அக்காலத்தின் மிக விலையுயர்ந்த சாயங்களில் ஒன்று. ஓவியத்தில் அந்த நிறத்தைக் கண்ட பிளாரன்ஸ்காரருக்கு ஆசையோ உணர்ச்சியோ நினைவுக்கு வருவதற்கு முன்னால் விலை நினைவுக்கு வந்திருக்கும்.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. மாப்பிள்ளை போட்ட இந்த ஆடையணிகள் முழுக்க மனைவியின் சொத்தாகிவிடவில்லை. அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் விற்கவும் கணவனுக்கு இடமிருந்தது. நகராட்சியும் சும்மா இருக்கவில்லை. முத்துக்கும் சரிகைக்கும் வரம்பு விதிக்கும் சட்டங்களை மீண்டும் மீண்டும் இயற்றியது. மீண்டும் மீண்டும் இயற்ற வேண்டியிருந்தது என்பதே அவற்றை யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பதற்குச் சான்று. ஆகவே ஒரு திருமண உருவப்படத்தில் காணும் உடை பெரும்பாலும் அந்தப் பெண்ணின் ரசனையைக் காட்டுவதில்லை. அவள் எந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள், அந்த வீடு எவ்வளவு செலவழிக்கும் என்பதையே காட்டுகிறது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, மாட்ரிட் நகரின் தைசன் அருங்காட்சியகத்தில் உள்ள ஜோவான்னா தொர்னபுவோனியின் படம். தொமேனிக்கோ கிர்லாந்தாயோ வரைந்தது. 1486ஆம் ஆண்டு லொரென்ட்ஸோ தொர்னபுவோனியை மணந்த ஜோவான்னா, 1488ஆம் ஆண்டு இரண்டாம் பிள்ளையைச் சுமந்திருந்தபோது இறந்துபோனார். படம் அதன்பிறகு தீட்டப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பக்கவாட்டில் முகம் காட்டி நிற்கும் அவருடைய மேலாடை பொன்னிறச் சரிகைப் பட்டு. அதில் பூவேலைப்பாடு என்று நாம் மேலோட்டமாகக் கடந்துவிடக்கூடிய கோலத்துக்குள் கணவர் பெயரின் முதலெழுத்தும், அவருடைய சின்னமான வைரமும் நெய்யப்பட்டிருக்கின்றன. கையின் இணைப்புகளில் வெள்ளை உள்ளாடை கொசுவம் கொசுவமாக வெளியே பிதுங்கித் தெரிகிறது. உள்ளே உடுத்தியிருப்பதும் உயர்ந்த துணிதான் என்று காட்டுவதற்காகவே தையலில் விட்ட இடைவெளி அது. பின்னால் உள்ள மாடத்தில் ஒரு நகை, ஒரு பிரார்த்தனை நூல், ஒரு பவள மணிமாலை. இந்தப் படத்தில் அவர் கையில் பூ இல்லை, கைக்குட்டையைத்தான் பிடித்திருக்கிறார். பூ இல்லாமலேயே, அவர் யார், எந்த வீட்டு மருமகள், எப்படி நினைவுகூரப்பட வேண்டும் என்பதெல்லாம் உடையாலும் பொருள்களாலும் சொல்லப்பட்டுவிட்டன. இதே உடையில் அவர் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் சுவரோவியத்திலும் நிற்கிறார்.

பூவும் செடியும் ஐயமின்றிப் பேசும் இடம் ஒன்று உண்டு: அது பெயர். லியொனார்தோ தா வின்ச்சி இளமையில் வரைந்த ஜினேவ்ரா தெ பென்ச்சியின் படம் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 1474ஆம் ஆண்டு பதினாறு வயதளவில் மணமான பெண். வெளிறிய முகத்துக்குப் பின்னால், கிட்டத்தட்ட ஒளிவட்டம் போல, ஊசியிலைகள் அடர்ந்த ஜூனிப்பர் புதர். இத்தாலிய மொழியில் அந்தச் செடியின் பெயர் ஜினேப்ரோ. ஆகவே அது அவருடைய பெயரைச் சொல்லும் புதர். பலகையைத் திருப்பினால் பின்புறத்திலும் ஓர் ஓவியம்: லாரல் கிளையும் பேரீச்சை ஓலையும் வளைத்து நிற்க, நடுவில் ஜூனிப்பர் கொத்து, அழகு நற்பண்புக்கு அணி செய்கிறது என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகம். லாரலும் பேரீச்சை ஓலையும் வெனிஸ் நகரத் தூதர் பெர்னார்தோ பெம்போவின் சின்னம். அகச்சிவப்புக் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது இப்போதுள்ள வாசகத்தின் அடியில் பெம்போவின் சொந்த வாசகமே இருந்தது தெரிந்தது. ஆக, ஜினேவ்ராவின் கணவருக்காக அல்லாமல், அவருடைய நண்பரான பெம்போவுக்காக இந்தப் படமோ அல்லது அதன் பின்புறமோ வரையப்பட்டிருக்கலாம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது, மூன்று தாவரங்களைச் சரியாக அடையாளம் கண்டதால்தான்.

அந்தப் படத்தில் ஜினேவ்ராவின் உடை மிக எளிய பழுப்பு நிறம், நகை ஒன்றுமில்லை. பிளாரன்ஸ் பெண்களின் படங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்துக்கொண்டு வருபவருக்கு இந்த வெறுமைதான் முதலில் உறைக்கும். பலகையின் கீழ்ப்பகுதி பிற்காலத்தில் வெட்டி நீக்கப்பட்டுவிட்டதால் கைகள் இருந்தனவா, அவற்றில் பூ இருந்ததா என்பதற்கு ஊகங்கள் மட்டுமே உண்டு. பூவை ஏந்தியிருப்பது போல மீட்டுருவாக்கிக் காட்டும் படங்களை நீங்கள் பார்த்திருந்தால், அவற்றை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

பெயர் துணைக்கு வராதபோது என்ன ஆகும் என்பதற்கு லூவர் அருங்காட்சியகத்தில் பிசனெல்லோ வரைந்த எஸ்தே குடும்பத்து இளவரசியின் படம் நல்ல சான்று. அவருடைய உடையில் எஸ்தே குடும்பத்தின் இரட்டைக் கைப்பிடிக் குடம் பின்னல் வேலையாக இருப்பதால் குடும்பம் உறுதியாகிறது. தோளில் செருகிய ஜூனிப்பர் தளிரை வைத்து, அவர் ஜினேவ்ரா தெஸ்தேயாக இருக்க வேண்டும் என்று பலரும் கருதுகிறார்கள். வேறொரு பெண்ணைச் சொல்பவர்களும் உண்டு. இவ்வளவுக்கும் பிறகு, பின்னணி முழுவதும் கொலம்பைன் பூக்களும் கார்னேஷன்களும் வண்ணத்துப்பூச்சிகளும் நிறைந்திருக்கின்றன. கொலம்பைனைத் திருமணத்தோடும் மகப்பேற்றோடும் இணைப்பவர்கள் உண்டு. புறாவின் வடிவை ஒத்திருப்பதால் தூய ஆவியின் அடையாளமாகப் படிப்பவர்கள் உண்டு. துயரத்தின் பூ என்று கொண்டு, வண்ணத்துப்பூச்சியை ஆன்மாவாகக் கருதி, இது இறந்த பெண்ணின் படம் என்று வாதிடுபவர்களும் உண்டு. மூன்றுக்கும் அக்கால ஆதாரம் காட்ட முடியும். ஒரே பூ மணவறையையும் கல்லறையையும் ஒருசேரக் குறிக்க முடியுமென்றால், அது தனியாக எதையும் நிறுவுவதில்லை என்பதே என் கருத்து. குடத்தைப் பற்றி இப்படி ஒரு சர்ச்சையும் எழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கார்னேஷன் கதையும் இதுவே. ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் ஜெர்மானிய நாடுகளிலும் அது நிச்சயதார்த்தத்தோடு தொடர்புடையது என்பது உண்மை. மெம்லிங் முதல் ரெம்பிராண்ட் வரையிலான ஓவியர்களின் படங்களில் அந்தப் பூவை ஏந்திய பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே பூவை ரஃபாயேல் வரைந்து லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் சிறு மாதா படத்தில் குழந்தை இயேசுவின் கையில் காணலாம்; அங்கே அது சிலுவைப்பாட்டை முன்னறிவிப்பது. கையில் செடியோ பூவோ ஏந்துவது பெண்களுக்கே உரிய குறியும் அன்று. ஜெர்மானிய ஓவியர் தூரர் 1493ஆம் ஆண்டு தன்னைத்தானே வரைந்துகொண்ட படத்தில் கையில் முள்செடி ஒன்றைப் பிடித்திருக்கிறார். அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது என்பதால் அதையும் திருமணத்தோடு சேர்த்துப் படிக்கிறார்கள், சமயப் பொருள் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆடை, பூ இரண்டும் சேர்ந்து நம்மைக் கைவிடும் படமும் உண்டு. பிளாரன்ஸின் உஃபீட்ஸி கூடத்தில் உள்ள, வெனிஸ் ஓவியர் திட்சியானோவின் ‘ஃபுளோரா’, 1515ஆம் ஆண்டுக்குச் சற்றுப் பின் வரையப்பட்டது. வெள்ளை உள்ளாடை தோளிலிருந்து நழுவ, ஒரு கையில் மலர்க்கொத்தோடு நிற்கும் இந்தப் பெண் மணப்பெண்ணா, கணிகையா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. ரோமானிய மரபில் ஃபுளோரா மலர்த் தெய்வம்; மேல்காற்றுத் தெய்வத்தின் மனைவியும் கூட. தொழில்செய்து சேர்த்த பணத்தை ரோமுக்கு எழுதி வைத்த கணிகை என்ற இன்னொரு கதையும் உண்டு. உள்ளாடை தெரிவது கணவனுக்கு மட்டுமே உரிய நெருக்கமாகவும் இருக்கலாம், யாருக்கும் கிடைக்கும் நெருக்கமாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், பார்ப்பவரை இந்த இரண்டுக்கும் நடுவே நிறுத்தி வைப்பதில்தான் வெனிஸ் ஓவியர்களின் வியாபாரமே இருந்தது. அந்தப் பெண் யாரென்று தெரியாமலிருப்பது வாங்குபவருக்கு ஒரு குறையாகத் தோன்றியிருக்காது.

உடையிலேயே செடிகொடிகள் நெய்யப்பட்டிருக்கும்போது பொருள் சற்று உறுதிப்படுகிறது. பிரோன்ட்ஸினோ 1545ஆம் ஆண்டளவில் வரைந்த தொலேதோவின் எலியொனோரா, பிளாரன்ஸ் ஆட்சியாளர் கோசிமோவின் மனைவி; மகன் ஜோவான்னியை அணைத்தபடி அமர்ந்திருக்கிறார். வெள்ளைச் சாட்டினில் கறுப்பு வெல்வெட் கொடிகளும், மார்பின் நடுவே பொன்னிழையில் பெரிய மாதுளையும். நிறைய விதைகளைக் கொண்ட மாதுளை வாரிசுப் பெருக்கத்தைக் குறிப்பது பரவலான மரபு. பதினொரு பிள்ளைகள் பெற்ற கோமகளுக்கு, அதுவும் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்த படத்துக்கு, அது பொருத்தமே. அதே சமயம், மாதுளைக் கோலம் அந்த நூற்றாண்டில் இத்தாலியத் தறிகளில் மிகச் சாதாரணமாக நெய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1857ஆம் ஆண்டு கோசிமோவின் குடும்பமான மெடிசி குடும்பத்தின் கல்லறைகளைத் திறந்தபோது அவர் இந்த உடையிலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தார் என்று ஒரு கதை கிளம்பி நெடுங்காலம் நிலைத்தது. கல்லறையிலிருந்து எடுத்துச் செப்பனிட்ட ஆடை வேறொன்று என்பது துணி வல்லுநர்களின் வேலையால் பின்னர் தெளிவானது.

நிறங்களைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளை மணப்பெண்ணின் நிறம் என்ற எண்ணம், 1840ஆம் ஆண்டு விக்டோரியா அரசியின் திருமணத்துக்குப் பிறகே பரவலாக வேரூன்றியது. மறுமலர்ச்சிக் காலப் படத்தில் வெள்ளையைக் கண்டு மணப்பெண் என்று முடிவுகட்டக் கூடாது. கறுப்பும் அப்படித்தான். 17ஆம் நூற்றாண்டு டச்சுப் பெண்களின் கறுப்புப் பட்டு துக்கத்தைக் காட்டவில்லை. மங்காத ஆழ்ந்த கறுப்பை ஏற்றுவதற்குச் சாயத்திலும் துணியிலும் பெருஞ்செலவு பிடித்ததால் அது செல்வமும் அடக்கமும் சேர்ந்த உடை. ஆனால் ஹோல்பைன் வரைந்த டென்மார்க்கின் கிறிஸ்தினா அணிந்திருக்கும் கறுப்பு உண்மையிலேயே துக்க உடை. மிலான் கோமகனின் விதவையான அந்தப் பதினாறு வயதுப் பெண், இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி பெண் பார்ப்பதற்காக 1538ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரஸ்ஸல்ஸில் மூன்று மணி நேரம் மட்டும் ஓவியர் முன் நின்றார். அதாவது, விதவைக் கோலத்தில் ஒரு பெண்பார்க்கும் படம். நிறத்தை மட்டும் வைத்துப் படித்திருந்தால் அதன் நோக்கத்தையே நாம் தவறவிட்டிருப்போம்.

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் விதிவிலக்கு. அவருடைய படங்களில் எதுவும் தற்செயல் இல்லை. ரோஜா டியூடர் வம்சத்தின் அரசுச் சின்னமாகவே வருகிறது. 1600ஆம் ஆண்டையொட்டி வரைந்து ஹாட்ஃபீல்ட் மாளிகையில் இருக்கும் படத்தில், மார்புக் கச்சையில் வசந்தகாலப் பூக்கள், மேலங்கியில் கண்களும் காதுகளும், கைப்பகுதியில் முத்திழைத்த பாம்பு. அறுபது வயதைக் கடந்த அரசி இளம்பெண் முகத்தோடு நிற்கிறார். அரசவைக் கவிஞர்கள் எழுதிய புகழுரையைத் துணியில் தைத்தது போன்ற படம் அது.

இனி நீங்கள் கேட்ட ரோஜா. ஆடையும் பூவும் எந்த அளவுக்கு வேறுபட்ட எடை கொண்டவை என்பதற்கு வரலாறே ஒரு சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது. இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. 1783ஆம் ஆண்டு லூவரில் நடந்த சலோன் கண்காட்சியில் எலிசபெத் விஜே லெ ப்ருன் என்ற பெண் ஓவியர், மரீ அந்துவானெத்தின் படத்தை வைத்தார். அரசி வைக்கோல் தொப்பியும், இடுப்பில் மெல்லிய கச்சையும், வளையமோ விறைப்போ இல்லாத வெள்ளை மஸ்லின் உடையும் அணிந்து, கையில் ரோஜாவோடு நிற்கிறார். வெர்சாயில் தமக்கென இருந்த பெத்தி த்ரியனோன் என்ற சிறு மாளிகையின் தோட்டத்தில் அவர் உண்மையாகவே உடுத்தி உலவிய பாணி அது. பார்த்தவர்கள் கொதித்தார்கள். அரசியை உள்ளாடையோடு வரைந்துவிட்டார்கள் என்றார்கள். அரசியின் தகுதிக்குரிய அடையாளம் ஒன்றுகூட இல்லை என்றார்கள். இறக்குமதியாகும் பருத்தியை அரசி உடுத்தினால் லியோன் நகரத்துப் பட்டு நெசவு என்ன ஆகும் என்ற முறையீடும் எழுந்தது. மஸ்லின் என்றாலே அன்றைய ஐரோப்பாவுக்கு வங்கத்துத் தறிகளும் அவற்றின் சரக்கைக் கொண்டுவந்த ஆங்கிலேய வணிகர்களும் நினைவுக்கு வந்த காலம். பிரான்சின் அரசி, அதுவும் ஆஸ்திரியாவில் பிறந்தவர் என்று ஏற்கெனவே ஐயத்தோடு பார்க்கப்பட்டவர், உள்நாட்டுப் பட்டை ஒதுக்கிவிட்டு அயல்நாட்டுப் பருத்தியில் நிற்பது வெறும் நாகரிகப் பிரச்சினையாக இருக்கவில்லை.

படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு மாற்றாக விஜே லெ ப்ருன் விரைவில் இன்னொரு படத்தைக் கொடுத்தார்; இன்று வெர்சாய் அரண்மனையில் இருப்பதும், நீங்கள் குறிப்பிடுவதும் இதுதான். ஏறத்தாழ அதே நிலை, அதே கைகள், அதே ரோஜா. மாறியது உடை: நீலச் சாம்பல் நிறப் பட்டு, லேஸ் பின்னல் விளிம்புகள், கழுத்திலும் கையிலும் முத்துகள், இறகு வைத்த தொப்பி. எதிர்ப்பு அடங்கியது; இந்தப் படம் பலமுறை படியெடுக்கவும் பட்டது. ரோஜாவுக்குக் காதல் என்றோ மோகம் என்றோ பார்ப்பவர்கள் பொருள்கொண்டிருந்தால் முதல் படத்தின் மேல் எழுந்த வசை இரண்டாவதன் மேலும் எழுந்திருக்க வேண்டும். அன்றைய கூச்சலில் ரோஜாவைக் குறைசொன்ன பேச்சே முன்னுக்கு வரவில்லை. எல்லோருடைய கண்ணும் துணியில்தான் இருந்தது. பூந்தோட்டத்தில் இளைப்பாறும் சீமாட்டி என்ற பாவனைக்குப் பொருத்தமான கைப்பொருள், பூக்களில் அரசி என்று சொல்லப்படுவதால் அரசிக்குத் தக்கது என்பதற்கு மேல் அந்த ரோஜாவிடம் எதையும் கேட்க முடியாது.

அப்படியானால் சிவப்பு ரோஜா காதல், மஞ்சள் ரோஜா பொறாமை என்ற பட்டியல்கள் எங்கிருந்து வந்தன என்றால், அவற்றின் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. துருக்கியில் பூக்களாலும் பொருள்களாலும் காதலர்கள் செய்தி அனுப்புகிறார்கள் என்று 18ஆம் நூற்றாண்டுப் பயணிகள் எழுதிய கடிதங்கள் ஐரோப்பியரின் ஆவலைக் கிளப்பின. 1819ஆம் ஆண்டு பாரிசில் மலர்களின் மொழியை விளக்கும் நூல் ஒன்று வெளியாகிப் பெரிதாக விற்றது. அதைப் பின்பற்றி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரிசுப் பொருளாகக் கொடுக்கத்தக்க மலர் அகராதிகள் குவிந்தன. அவற்றுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பொருந்தாத பொருள்கள் ஏராளம். விக்டோரியா காலத்து ஓவியர் ஒருவர் வரைந்த படத்துக்கு அவற்றைத் துணைக்கொள்வதில் தவறில்லை, ஏனெனில் ஓவியரும் வாங்கியவரும் அத்தகைய நூலைப் புரட்டியிருக்கக்கூடும். மரீ அந்துவானெத்தோ 1793ஆம் ஆண்டிலேயே கொல்லப்பட்டுவிட்டார். அவருடைய ரோஜாவுக்குப் பொருள் சொல்வதாக இன்று சுற்றும் அகராதிகள் அதற்குப் பிறகு அச்சானவை.